மத்ரிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

யூதர்களின் இளைஞர் இயக்கங்களைப் பற்றி எதைப் படித்தாலும் பத்து வரிக்குள் ‘மத்ரிக்’ வந்துவிடும். எபிரேயச் சொல். பெண்ணென்றால் மத்ரிகா, பலரென்றால் மத்ரிகீம். கடைசி மெய்யைத் தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும். ‘அகம்’ என்னும்போது நடுவில் வரும் ககரத்தை இன்னும் கொஞ்சம் காறினால் ஏறக்குறைய அந்த ஒலிதான்.

இதை ‘இளைஞர் தலைவர்’ என்று மொழிபெயர்த்தால் நமக்குக் கட்சிக்கரை வேட்டியும் ப்ளெக்ஸ் பேனரும்தான் கண்முன் வரும். ‘ஆசிரியர்’ என்றாலும் ஒட்டாது. மத்ரிக் மதிப்பெண் போடுபவர் அல்லர். பின்னே யார்?

வேரைப் பார்த்தால் விளங்கும். த-ர-க் என்ற மூன்று மெய்கள். மிதித்தல் என்று பொருள். ஆலையில் திராட்சையை மிதித்துச் சாறு எடுப்பதற்கும் இந்த வினைதான், வில்லை வளைத்து நாணேற்றுவதற்கும் இதே வினைதான். பல கால்கள் மிதித்து உண்டான வழி ‘தெரெக்’, நம் ஒற்றையடிப் பாதை போல. நட என்பது நடத்து என்று ஆவதைப் போல, அந்த வினை பிறவினையாகிப் பிறந்த பெயர் மத்ரிக்: வழியில் நடக்கச் செய்பவர். ஏசாயா 48:17 இந்தச் சொல்லைக் கடவுளுக்கே சொல்கிறது. தமிழ் வேதாகமம் அங்கே ‘நடத்துகிற’ என்று போட்டிருப்பது கச்சிதம்.

மத்ரிக் நடத்திச் செல்லும் பிள்ளைக்குப் பெயர் ‘ஹனிக்’, பயிற்றப்படுபவன். கல்வியைக் குறிக்கும் ‘ஹினுக்’, ஹனுக்கா பண்டிகை எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. நீதிமொழிகள் 22:6இல் இரண்டு வேர்களும் ஒரே அடியில் நிற்கின்றன: பிள்ளையை அவன் வழிப்படி பயிற்று. தமிழில் அது ‘நடக்கவேண்டிய வழி’ என்று ஆகிவிட்டது. மூலத்தில் இருப்பது ‘அவன் வழி’. அவரவர் இயல்புக்கேற்பப் பயிற்று என்றே உரைகாரர் சிலர் பொருள் கொண்டார்கள். எனக்கு அந்த உரைதான் பிடித்தது.

நடைமுறையில் மத்ரிக் பெரும்பாலும் பதினாறு வயதுக்காரர். 1929இல் எருசலேமில் தொடங்கிய ப்னே அகிவா இயக்கத்தின் ஒரு கிளையை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை பிற்பகல், யூதர்களின் ஓய்வுநாள். எழுதக்கூடாது, கைபேசியைத் தொடக்கூடாது. பேனா, காகிதம், ஒலிபெருக்கி எதுவுமில்லாமல் ஒரு கூட்டம் சிறுவர்களைக் கட்டிப்போட வேண்டும். கதையும் பாட்டும் விளையாட்டும்தான் கையிருப்பு. இரண்டு நிமிடம் சுவை குறைந்தால் போதும், பாதி வட்டம் கலைந்துவிடும். இப்படிப் பழகிப் பின்னாளில் அதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் ‘இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று கேட்டால், கதை பல நேரம் ‘எனக்கு ஒரு மத்ரிக் இருந்தார்’ என்றுதான் தொடங்கும்.

சொல்லின் முழு எடையும் தெரிய மொர்தெகாய் அனியெலெவிச்சைப் பார்க்க வேண்டும். ஹஷோமேர் ஹத்ஸாயிர் இயக்கத்தில் சிறுவர் குழுக்களை நடத்தியவர். 1939இல் போர் மூண்டதும் வார்சாவை விட்டுக் கிழக்கே போய், ஜெர்மானியர் பிடிக்கு வெளியே இருந்த வில்னா (இன்றைய வில்னியஸ்) நகரைச் சேர்ந்தார். அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம். 1940 ஜனவரியில், ஜெர்மானியர் பிடியிலிருந்த வார்சாவுக்குத் தாமாகவே திரும்பினார், அங்கே விட்டுவந்த இளையவர்களை ஒன்றுசேர்க்க. இரகசியக் குழுக்கள் அமைத்தார், தலைமறைவு இதழ் நடத்தினார். யூதர்களை ஜெர்மானியர் அடைத்து வைத்த பகுதியான வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரலில் வெடித்த எழுச்சியின் தளபதி அவர்தான். மே 8 அன்று மிலா தெரு 18ஆம் எண் பதுங்குகுழியில் இறந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். வரலாற்று நூல்கள் அவரைத் தளபதி என்கின்றன. வில்னாவிலிருந்து திரும்பி வந்தது மத்ரிக்.

இனி தமிழுக்கு வருவோம். ‘வழிகாட்டி’ தவறில்லை. எபிரேயத்திலும் கையேட்டுக்கு மத்ரிக் என்ற பெயர் உண்டு, நாமும் கையேட்டை வழிகாட்டி என்கிறோம். ஆனால் வழிகாட்டி மரம் முச்சந்தியிலேயே நின்றுவிடுகிறது, கூட நடப்பதில்லை.

என் தேர்வு ‘ஆற்றுப்படுத்துநர்’. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் வழியில் செலுத்துதல். மத்ரிக்கின் வேரும் சரி, பிறவினையும் சரி, அப்படியே வந்துவிடுகின்றன. அதோடு ஆற்றுப்படையின் இலக்கணத்தைத் தொல்காப்பியம் ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். நேற்று ஹனிக்காக இருந்தவன் இன்று மத்ரிக் ஆவதும் அதே கணக்குதான்.

ஒரு சங்கடம் உண்டு. இலங்கையில் ‘ஆற்றுப்படுத்தல்’ ஏற்கெனவே உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) வழங்குகிறது. ஆகவே முதல் இடத்தில் ‘இளையோர் ஆற்றுப்படுத்துநர்’ என்று முழுதாக எழுதி, அடுத்த வரியிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம். மத்ரிக் செய்யும் பணிக்கு எபிரேயத்தில் ‘ஹத்ராகா’ என்று பெயர். அதற்கு ஆற்றுப்படுத்தல்.