புத்தகம் திறக்கவில்லையா? காசு கொடுக்காதீர்கள், கேளுங்கள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும், கம்பஸ் போய் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களும் கவுண்டருக்கு வந்து இப்போது புத்தகம் கேட்பது குறைவு, போனை நீட்டி "மிஸ், இது ஏன் தொறக்க மாட்டேங்குது?" என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தால் ஒன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணைய நூலகம், இல்லாவிட்டால் இலங்கைத் தமிழ் நூல்களுக்கென்று இருக்கிற, "நூலகம்" என்றே பெயர் வைத்த நம்முடைய இணையத் தளம். இரண்டுமே இலாப நோக்கம் இல்லாதவை, இரண்டிலும் வாசிக்க ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், இதே பீடிஎஃப்பை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துப் புத்தகத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற கடைகள் இருக்கின்றன. பிரின்ட் எடுக்கிற காசு வேறு, அது நியாயம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996இல் அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் தொடங்கியது. கோப்பிக் காலத்தைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த பழைய புத்தகங்கள் அங்கே நிறையவே உண்டு. பதிப்புரிமை முடிந்தவை என்பதால் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். புதிய புத்தகங்களில்தான் சிக்கல். அவை இரவலுக்கு மட்டும். இலவசமாகக் கணக்கு ஒன்று திறந்து உள்ளே போனால் பெரும்பாலானவை ஒரு மணித்தியாலத்துக்கும் சில 14 நாளுக்கும் கிடைக்கும், நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும், பிள்ளை போன் பழுது என்று நினைத்துக்கொண்டு ஓடிவரும். பழுதெல்லாம் இல்லை, வேறு யாரும் எடுத்திருக்காவிட்டால் மறுபடி எடுக்கலாம்.

சில புத்தகங்களுக்கு இரவல் பட்டனே வராது. 2020இல் பெரிய பதிப்பகங்கள் நான்கு இந்த இரவலுக்கு எதிராக ஆர்க்கைவ் மேல் வழக்குப் போட்டு 2023இலும், மேன்முறையீட்டில் 2024இலும் வென்றன. ஆர்க்கைவ் சொன்ன கணக்குப்படி 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரவலிலிருந்து போய்விட்டன. எந்த செட்டிங்கை மாற்றினாலும் அவை வராது, நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் பார்வைக் குறைபாடு போன்ற காரணத்தால் அச்சுப் புத்தகம் வாசிக்க முடியாதவர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது, தகுதியை உறுதிப்படுத்திப் பதிய வேண்டும். இது எங்கள் பக்கத்தில் அநேகமாக யாருக்குமே தெரியாது, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் பாஸ்வேர்ட். 2024 அக்டோபருக்கு முன் அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் அதை மாற்றிவிடுங்கள். அந்தச் சமயம் தளத்துக்குள் புகுந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் ஈமெயில் விவரங்களையும், குறியாக்கம் செய்த பாஸ்வேர்ட்களையும் திருடிவிட்டார்கள். பேஸ்புக்குக்கும் அதே பாஸ்வேர்ட்தான் என்றால் அதையும் மாற்றுங்கள்.

நூலகம் தளம் வேறு மாதிரி. 2005இல் சில தன்னார்வலர்கள் தொடங்கியது, இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், விழா மலர்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கணக்கு எதுவும் திறக்காமலே வாசிக்கலாம். "தேடினேன், ஒன்றும் இல்லை" என்று வருகிறவர்களிடம் எதைத் தட்டினீர்கள் என்று கேட்பேன், அநேகமாகக் கோளாறு அங்கேதான். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரைத் தேடினால் நடேச ஐயர், நடேசையர் என்றும் தட்ட வேண்டும். 1948இல் நம் மலையக ஆட்களின் குடியுரிமை பறிபோனதைப் பழைய பத்திரிகைகளில் தேடுகிறவர் "குடியுரிமை"யோடு நிற்கக் கூடாது, "பிரஜாவுரிமை" என்றும் போட வேண்டும். "மலையகம்" அகப்படாவிட்டால் "மலைநாடு", "இந்திய வம்சாவளி", "தோட்டத் தொழிலாளர்". பீடிஎஃப் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம்தான், உள்ளே சொல் தேட முடியாது. ஆனால் பல சஞ்சிகைகளுக்கு உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள், ஆகவே கட்டுரையின் தலைப்பில் ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள்.

சரி, எல்லாம் பார்த்தும் சரிவரவில்லை, உதவி கேட்டு எழுதத்தான் வேண்டும் என்றால்? எழுதுங்கள், இரண்டு இடத்திலும் மனிதர்கள்தான் வாசிக்கிறார்கள், அதுவும் கொஞ்சப் பேர். "சேர் புக் வேணும் அனுப்புங்க" என்று ஒரு வரி போட்டால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? நூலகம் தளத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கிறது, அதைக் கொடுங்கள். ஆர்க்கைவில் பக்க முகவரியில் "டீடெய்ல்ஸ்" (details) என்பதற்குப் பிறகு வருகிற பகுதிதான் அந்தப் புத்தகத்தின் அடையாளம், அதைக் கொப்பி பண்ணிப் போடுங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிரச்சினையைக் கண்ணில் பட்டபடி சொல்லுங்கள்: "14ஆம் பக்கத்துக்குப் பிறகு 17 வருகிறது, போனிலும் கணினியிலும் அப்படித்தான்." இப்படி எழுதினால் திரும்பக் கேள்வி கேட்காமலே திருத்திவிடலாம். பதிலுக்குச் சில நாள் பொறுங்கள். யாராவது உங்கள் பாஸ்வேர்டையோ காட் நம்பரையோ கேட்டு மெசேஜ் போட்டால் அது அவர்கள் இல்லை.

பாதிப் பேர் தேடுகிற விஷயம் இன்னும் ஸ்கேன் ஆகவே இல்லை என்பதும் உண்மை. தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், பாடசாலைச் சஞ்சிகை எல்லாம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களே புதைந்துபோயின, உள்ளே இருந்த கடதாசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் நூலகம் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுதியவரோ வெளியிட்டவரோ இருந்தால் அவர்களின் அனுமதியையும் வாங்கி வையுங்கள். போனில் படம் எடுத்து அனுப்புவதென்றால் அட்டையையும் அச்சக விவரம் உள்ள பக்கத்தையும் விடாதீர்கள். நனைந்த கடதாசியை அயர்ன் பண்ணாதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள், நிழலில் காற்றுப்பட விரித்து வைத்தால் போதும். தயவுசெய்து லெமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது.