குட்டிப் பாம்பின் வயிற்றுக்குக் கீழே எத்தனை டிகிரி?

பால் பைத்தான் (ball python) எனும் சிறிய மலைப்பாம்பு இனத்தைச் சேர்ந்த, நான்கு மாதமே ஆன குட்டி ஒன்றைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்திருந்தார் ஓர் இளைஞர். இரண்டு வாரமாக இரை எடுக்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன குறை. குட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்தபோது, வயிற்றின் நடுப்பகுதியில் ஏழெட்டு அகன்ற செதில்கள் பழுப்பேறி ஓரம் மடங்கியிருந்தன. ஓரிடத்தில் கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. "தெர்மோஸ்டாட் 32 டிகிரியில்தான் இருக்கிறது டாக்டர், ஒரு நாளும் மாற்றியதில்லை" என்றார். பெட்டிக்கு அடியில் விரிக்கும் மின்சார வெப்பப் பாயை, சென்சார் குறித்த சூட்டை எட்டியதும் நிறுத்திவிடும் கருவிதான் தெர்மோஸ்டாட். அவர் சொன்னது உண்மை. ஆனால், கைபேசியில் அவர் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சென்சாரைப் பிடித்திருந்த டேப் ஈரத்தில் பசை விட்டுப்போய், அதன் முனை தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடப்பது தெரிந்தது. கிண்ணத்துத் தண்ணீர் 32 டிகிரியை எட்டவே இல்லை. எனவே தெர்மோஸ்டாட்டும் வெப்பப் பாயை நிறுத்தவே இல்லை. இரவு பகலாக அது முழு வேகத்தில் சூடேறிக்கொண்டிருந்த இடத்தின் மேல்தான் குட்டி சுருண்டு படுத்திருந்தது.

சுட்டால் நகர்ந்துவிடாதா என்று அவர் கேட்டார். பாம்பு வளர்க்கும் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தன் உடலுக்குள் போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாத பாம்பு, இடம் மாறி இடம் மாறித்தான் தன் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது என்பது சரி. ஆனால், அடியிலிருந்து வரும் சூட்டிலிருந்து அது தன்னைக் காத்துக்கொள்ளும் என்று ஒருபோதும் நம்பியிருக்கக் கூடாது. தோல் வேகும் அளவு சூடான பரப்பின் மேலேயே அசையாமல் கிடந்த பாம்புகளுக்கு நான் பலமுறை சிகிச்சை அளித்திருக்கிறேன். பெட்டிக்குள் காற்று குளிர்ந்திருந்தால், வயிறு தீய்ந்தாலும் முதுகு குளிராகவே இருப்பதால், உடல் முழுவதையும் சூடேற்றிக்கொள்ள அது அந்த இடத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். பதுங்குவதற்கு ஒரே ஓர் இடம் இருந்து, அதுவும் வெப்பப் பாயின் மேலேயே இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குட்டிகளுக்கு வெட்டவெளி என்றால் அச்சம். வெப்பமா மறைவா என்று வரும்போது அவை பெரும்பாலும் மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆகவே, வெப்பமான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக, உடல் ஒட்டி அடங்கும் அளவில் இரண்டு பதுங்கிடங்கள் கட்டாயம் வேண்டும்.

பால் பைத்தானுக்கு வெப்பமான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், எதிர்ப்பக்கம் 25 முதல் 27 வரையிலும் இருப்பது நல்லது. கார்ன் ஸ்நேக் (corn snake) எனும் மற்றொரு வளர்ப்புப் பாம்பு இன்னும் சற்றுக் குறைவான வெப்பத்தை விரும்பும்: 28 முதல் 30 வரை ஒரு பக்கம், 22 முதல் 25 வரை மறுபக்கம். பெட்டி முழுவதையும் ஒரே வெப்பத்தில் வைப்பது, அந்த எண் எவ்வளவு சரியானதாக இருந்தாலும், தவறுதான். இரை எடுத்தபின் செரிப்பதற்கு வெப்பத்தையும், மற்ற நேரங்களில் குளிர்ச்சியையும் தேடிப்போக அதற்கு வழி இருக்க வேண்டும். இதனால்தான் வெப்பப் பாய் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறோம். குட்டியின் உடல் விரலளவு தடிமனே என்பதால் அது வேகமாகச் சூடேறும், வேகமாக நீரையும் இழக்கும். வளர்ந்த பாம்பு சில மணி நேரம் தாங்கிக்கொள்ளும் பிழையைக் குட்டி தாங்காது.

அந்த எண்களை எங்கே அளக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பக்கச் சுவரில் ஒட்டும் வட்ட மீட்டர் அந்தச் சுவரின் வெப்பத்தைத்தான் காட்டும். பாம்பு சுவரில் படுப்பதில்லை. பாய்க்கு மேலே உள்ள தரைவிரிப்பை விலக்கி, அடித்தளத்தையே அளந்து பாருங்கள், ஏனெனில் குட்டி அதைத் தோண்டிக்கொண்டு போய் அங்கேதான் படுக்கும். மேற்பரப்பு 31 காட்டும்போது, தடித்த மரத்தூள் அடுக்கின் அடியில் சூடு தேங்கி 40-ஐத் தாண்டியிருப்பதை நான் அளந்து கண்டிருக்கிறேன். கையை வைத்துப் பார்ப்பதும் போதாது. நம் தோலின் வெப்பமே 33 டிகிரி அளவில் இருப்பதால், பாம்புக்குச் சரியான தரை நமக்குச் சூடாகவே தோன்றாது. நம் கைக்கு நன்றாகச் சுடும் தரை ஏற்கெனவே அளவு மீறியதாக இருக்கும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒன்று, அதோடு தொடர்பில்லாத தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று என இரண்டும் இருந்தால், ஒன்று பொய் சொல்லும்போது மற்றது காட்டிக்கொடுக்கும். சென்சாரைப் பெட்டிக்கு வெளியே, பாய்க்கும் அடித்தளத்துக்கும் இடையே பதித்துவிட்டால் பாம்பு அதை இழுத்துப் போடவோ ஈரத்தில் நனைக்கவோ வாய்ப்பில்லை. அப்போது சென்சாரும் உட்புறத் தரையும் ஒரே எண்ணைக் காட்டாது என்பதால், உள்ளே அளந்து பார்த்துத்தான் தெர்மோஸ்டாட்டின் எண்ணை வைக்க வேண்டும். புதிய பெட்டியை இரண்டு மூன்று நாள் காலியாகவே ஓடவிட்டு, பகலிலும் நள்ளிரவிலும் அளந்த பிறகே குட்டியை உள்ளே விடுங்கள்.

பாய்க்குப் பதில் பீங்கான் வெப்ப விளக்கைப் பயன்படுத்துவோர், அதைச் சுற்றிக் கம்பிக்கூடு இல்லாமல் பெட்டிக்குள் தொங்கவிடக் கூடாது. மின்சாரத்தில் சூடேறும் செயற்கைக் கல்லை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வளர்ப்பவர்கள் குளிரைக் கண்டு பதறும் அளவுக்கு வெப்பத்தைக் கண்டு பதறுவதில்லை என்பது எனக்குப் பெரும் கவலை. மின்சாரம் நின்று பெட்டி சில மணி நேரம் 22 டிகிரிக்கு இறங்கினால், பெட்டியைப் போர்வையால் சுற்றி, இளஞ்சூட்டு நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் பொதிந்து ஒரு மூலையில் வைத்தால் போதும். வெப்பம் திரும்பும்வரை இரை மட்டும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் செரிக்காமல் கக்கிவிடும். ஆனால், வெயில் விழும் சன்னலோரம் வைத்த கண்ணாடிப் பெட்டி சில நிமிடங்களிலேயே உயிரைக் கொல்லும் அளவுக்குச் சூடாகிவிடும். குட்டி எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடப்பது, குளிர்ந்த மூலையை விட்டு அகலாதது, மூடியை மூக்கால் முட்டிக்கொண்டே இருப்பது ஆகியவற்றைக் கண்டால் முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, புரட்டிப் போட்டால் திரும்பிப் படுக்க முடியாமல் தவித்தாலோ, உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, ஆழமில்லாத சாதாரண நீரில் விட்டு, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி வேண்டாம்.

சட்டை உரிப்பதற்கு முன் பால் பைத்தானின் வயிறு இயல்பாகவே இளஞ்சிவப்பாக மாறும். அதைத் தீக்காயம் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு வயிறு முழுவதும் சீராகப் பரவியிருக்கும், கண்ணும் பால் படிந்ததுபோல் மங்கும். ஓரிடத்தில் மட்டும் திட்டாகச் சிவந்தால், செதில் உப்பினால், பழுப்பேறினால் அது வேறு. தீக்காயம் பல நாள் கழித்தே முழுமையாக வெளித்தெரியும் என்பதால், சிறிய திட்டு என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் இருக்கும் எந்தக் களிம்பையும் தடவவும் வேண்டாம்.

அந்தக் குட்டிக்குப் புண்ணைக் கழுவி மருந்திட்டோம். மரத்தூளை எடுத்துவிட்டு, தினமும் மாற்றும் வெள்ளைக் காகிதத்தை விரிக்கச் சொன்னேன். சென்சாரைப் பெட்டிக்கு அடியில் பதித்து, உள்ளே அளந்து எண்ணை வைத்துக்கொண்டார். ஐந்தாம் வாரம் அது சிறிய எலி ஒன்றை விழுங்கியது. மூன்றாவது முறை சட்டை உரித்தபோது காயம் மூடியிருந்தது. நடுவில் நான்கு செதில்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிப்போயிருக்கின்றன, அவை அப்படியேதான் இருக்கும்.