ஆயில் ஃபுல்லா இருக்கு, ஆனா சிவப்பு லைட் எரியுது!

"டிப்ஸ்டிக் பாத்துட்டேண்ணே, ஆயில் ஃபுல்லா இருக்கு. லைட்தான் விட்டுவிட்டு எரியுது. மெதுவா ஓட்டிட்டு வந்துரட்டுமா?"

மெக்கானிக்கான எனக்குப் போனில் அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம், இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, வண்டியை இழுத்துட்டு வர ஏற்பாடு பண்ணுறேன் என்றுதான் சொல்வேன். சிலருக்குக் கோபம்கூட வரும்.

டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் அந்த எண்ணெய்க் கிண்டிப் படம் ஆயிலின் அழுத்தத்தைப் பற்றியது. அளவுக்குச் சில வண்டிகளில் மஞ்சள் லைட் தனியாக உண்டு. இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பில் நாலு லிட்டர் கிடந்தாலும், பம்ப் அதை உறிஞ்சி கிராங்க் பேரிங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் தள்ளினால்தான் பிரயோஜனம். பொதுவாக அழுத்தம் 0.3 முதல் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கினால்தான் இன்ஜினில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் லைட்டைப் போடும். நல்ல இன்ஜின் சூடாகி ஐடிலிங்கில் நிற்கும்போதே 1 பார் அளவுக்குக் காட்டும். ஆகவே லைட் எரியும் நேரத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினாலே பேரிங் தேய்ந்து இன்ஜின் ஜாம் ஆகிவிடலாம். டர்போ இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

சுவிட்சே கெட்டுப்போய் லைட் எரிவதும் சகஜம். விலையும் அதிகமில்லை என்பதால் பல இடங்களில் முதல் வேலையாக அதைத்தான் மாற்றுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவிட்சைக் கழற்றி, அதே ஓட்டையில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜை மாட்டி, குளிர்ந்த நிலையிலும் சூடான பிறகும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் சுவிட்ச் அல்லது ஒயர். இல்லையென்றால் கோளாறு இன்ஜினுக்குள்ளே.

எப்போது எரிகிறது என்பதை ஓட்டுபவர் சரியாகச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வளைவிலும் பிரேக் போடும்போதும் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் ஆயில் குறைவு. சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது எரிந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அணைந்தால் பேரிங் அல்லது பம்ப் தேய்மானம். ஆயில் நீர்த்துப்போனாலும் இப்படி ஆகும். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் வண்டிகளைக் கிட்டத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் டீசல் போய் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு மேக்ஸிமத்தையும் தாண்டி நிற்கும். ஆயில் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை, முகர்ந்து பாருங்கள்.

சமீபத்தில் வந்த ஒரு டீசல் கார் வேறு மாதிரி. ஐடிலிங்கில் லைட் இல்லை, ஹைவேயில் வேகம் எடுத்தால் எரியும். வேறொரு இடத்தில் சுவிட்சும் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. கேஜை மாட்டி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன். ஏற வேண்டிய முள் நடுங்கிக்கொண்டே இறங்கியது. லிஃப்டில் ஏற்றினால் சம்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. ஏதோ ஸ்பீடு பிரேக்கரின் கைங்கரியம். சம்பை இறக்கியபோது, ஒடுக்கின் உள்பக்கத்தில், பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னர் உரசிய வளையம் பளபளவென்று தெரிந்தது. உறிஞ்சும் வாயை அந்தத் தகடே அடைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, முன்பு யாரோ தாராளமாகப் பூசிய சிலிக்கான் பேஸ்ட் துணுக்குகள் வேறு வலையில் சிக்கியிருந்தன. ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து புது சம்ப் போட்டதும் முள் ஒழுங்காக ஏறியது. பேரிங் தப்பித்தது அவர் அதிர்ஷ்டம்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒன்று. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு, பெரும்பாலான வண்டிகளில் இந்தச் சிவப்பு லைட் எரியும். ஸ்டார்ட் ஆன ரெண்டு மூணு விநாடியில் அணைந்துவிடும். எரிய வேண்டிய வண்டியில் எரியவே இல்லையென்றால் ஒயரைக் கழற்றி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தேய்ந்த இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றி லைட்டை மறைப்பதும் நடக்கிறது. அரைமணி நேரம் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் விட்டு டேஷ்போர்டைப் பாருங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.