சோறு இறங்காத பிள்ளைக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டு?

மறுவீட்டு விருந்து. சொதியை இரண்டாம் முறை ஊற்றச் சொல்லி எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கையில், ஒரு பிள்ளை மட்டும் சோற்றை இலை ஓரத்துக்கு ஒதுக்கி விரலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். "யார் கண்ணு பட்டுச்சோ, சோறே இறங்க மாட்டேங்கு" என்கிறார் அம்மா. மந்திரித்தாயிற்று, வயிற்று டாக்டரிடம் ஸ்கேனும் எடுத்தாயிற்று.

குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் பட்டினி கிடப்பது, அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது எல்லாம் வீம்பு என்றே வீட்டில் நினைக்கிறோம். மருத்துவத்தில் இவற்றுக்கு உணவுக் கோளாறு என்று பெயர். மனநோய்களில் சேர்த்தி. ஆண்பிள்ளைகளுக்கும் வரும்.

மனநோய் என்றதும் முகம் சுருங்கும், தெரியும். ஆனால் சட்டத்தில் நமக்குப் பிடிமானமே அந்தச் சொல்தான். எது மனநோய் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் போன்ற அளவுகோல்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்தப் பட்டியலில் உணவுக் கோளாறும் இருக்கிறது. ஆகவே 18-ஆம் பிரிவின்படி அரசு மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை கேட்க எவருக்கும் உரிமை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும்.

சரி, எங்கே போவது? திருநெல்வேலிப் பக்கம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். ஓ.பி. சீட்டு போடும்போது "வயிறு சரியில்லை" என்றால் வயிற்றுப் பிரிவுக்குத்தான் அனுப்புவார்கள். மனநலப் பிரிவு என்றே கேளுங்கள். பட்டினியும் வாந்தியும் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள். மயக்கமோ படபடப்போ இருந்தால் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் பேச்சு சிகிச்சை, அதாவது மனநல நிபுணரோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிப் பெறும் சிகிச்சை. ஒரே நாளில் முடியாது, பல மாதம் போக வேண்டியிருக்கும். வளரிளம் பிள்ளை என்றால் பெற்றோரும் கூட உட்கார வேண்டும். அம்பை, வள்ளியூர்ப் பக்கம் இருப்பவர்கள், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்துக்கொண்டால் பஸ் செலவு மிச்சம்.

தனியாரிடம் போனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? உடல் நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். காய்ச்சலுக்கு ஓ.பி.யில் பார்த்தால் தராத பாலிசி, வாரம் ஒருமுறை போகும் பேச்சு சிகிச்சைக்கும் தராது. சேர்க்க வேண்டி வந்தால் மட்டும், "மனநோய்க்கு இல்லை" என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பலரையும் வீட்டிலேயே உட்கார வைக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 23-ஆம் பிரிவின்படி சிகிச்சை தருபவர்களின் கடமை. மாப்பிள்ளை வீட்டார் வந்து விசாரித்தாலும் சொல்லக்கூடாது.

பிள்ளை வரவே மாட்டேன் என்றால் முதலில் நீங்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.