தாத்தாவின் முகம் ஏன் அகலமானது?

தன் தாத்தாவின் முதலாண்டு நினைவுநாளுக்கு ஒரு பையன் என் போட்டோ கடைக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கூடத்தில் நிலைக்கு மேலே மாட்டியிருந்த ஃப்ரேம் போட்ட போட்டோ. கீழே நின்று போனை அண்ணாந்து பிடித்து எடுத்திருக்கிறான். மேல்பக்கம் குறுகி, கீழ்ப்பக்கம் விரிந்து, முறம் மாதிரி இருந்தது. ஃபோட்டோஷாப்பில், கோணலான படத்தை நேராக்கி வெட்டும் பெர்ஸ்பெக்டிவ் கிராப் கருவியை எடுத்து நான்கு மூலையிலும் புள்ளி வைத்து என்டர் தட்டினேன். கோடெல்லாம் நேராகிவிட்டது. ஆளை மட்டும் வெட்டி எடுத்து டிசைனில் வைத்து, பிரின்ட்டும் போட்டாயிற்று.

வாங்க வந்தபோது பாட்டியும் கூட வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது யாரு? அவருக்கு நீட்டு முகம்ல."

கோடு நேரானால் படம் சரியாகிவிட்டது என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு. கண்மட்டத்துக்கு 2 அடி மேலே இருக்கும் படத்தைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி நின்று எடுத்தால், போன் 45 டிகிரி அண்ணாந்திருக்கும். அப்போது படத்தின் உயரம் 100-க்கு 71 பங்காகத்தான் தெரியும். அகலம் அந்த அளவுக்குச் சுருங்காது. மூலைகளை இழுத்துச் செவ்வகமாக்கினால் கோணல் போய்விடும், குறைந்த உயரம் அப்படியே நின்றுவிடும். அதே படத்தைச் சுவரிலிருந்து 8 அடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்திருந்தால் 97 பங்கு கிடைத்திருக்கும். (நம் வீடுகளில் ஃப்ரேமின் தலைப்பக்கத்தை முன்னால் சாய்த்து மாட்டுவதால் சில படங்கள் தப்பித்துவிடுகின்றன.)

வீட்டுக்குப் போன் போட்டு, கண்ணாடிக்குள் தெரியும் படத்தை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். 12-க்கு 15 அங்குலம். என் கையில் இருந்ததிலோ 12 அங்குல அகலத்துக்கு உயரம் 11 அங்குலம்கூட வரவில்லை. ஆளை மட்டும் வெட்டி வைத்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை. கிராப் பட்டையில் அகலம், உயரம் என்று இருக்கும் கட்டங்களில் 12, 15 என்று கொடுத்து மறுபடி வெட்டினேன். அந்தக் கட்டங்களிலும் ஒரு வம்பு உண்டு. போன வேலையில் போட்ட எண் அழியாமல் உட்கார்ந்திருக்கும். கவனிக்காவிட்டால் பாஸ்போர்ட் படத்தின் விகிதம் தாத்தா மேல் விழும். இரண்டாவது பிரின்ட் என் செலவு.

அளக்க வழியே இல்லையென்றால் சட்டைப் பொத்தானைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நேராக நம்மைப் பார்க்கும் பொத்தான் வட்டமாக இருக்க வேண்டும். கண்ணின் கருவிழியும் அப்படித்தான், ஆனால் பழைய படங்களில் பாதி நேரம் இமை மறைத்துவிடும்.

அனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பாதீர்கள். முழுப் படத்தின் நடுப்புள்ளி தெரிந்தால்தான் எவ்வளவு சாய்த்து எடுத்தீர்கள் என்று கணக்குப் போட முடியும். டாகுமென்டாக அனுப்பினால் எந்த லென்ஸில் எடுத்தது என்ற விவரமும் கூடவே வந்துவிடும்.

விசா படத்திலும் இப்படி முகம் அகலமாவது உண்டு. அமெரிக்க விசாவுக்கு 2-க்கு 2 அங்குலப் படம் கேட்கிறார்கள். போனில் எடுப்பது பெரும்பாலும் 3-க்கு 4. அதை இழுத்துச் சதுரத்தில் பொருத்தினால் முகத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மேலும் கீழும் வெட்டுங்கள், இழுக்காதீர்கள்.

கை நீட்டி எடுத்த செல்ஃபியை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். அதில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்திருப்பது, கேமரா முகத்துக்கு அருகில் இருந்ததால் வந்தது. சுவரில் இருக்கும் தட்டையான படத்தின் சாய்வை நிமிர்த்தலாம். மேடு பள்ளம் உள்ள முகத்தை அப்படி நிமிர்த்த முடியாது. எப்படி வெட்டினாலும் மூக்கு அதே மூக்குதான். நாலைந்து அடி தள்ளி யாரையாவது நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள், பிறகு நெருக்கமாக வெட்டிக்கொள்ளலாம். செல்ஃபியோடு வருகிறவர்களை இப்போதெல்லாம் கடைச் சுவரோரம் நிற்க வைத்து நானே எடுத்துவிடுகிறேன்.