ஸ்டீவர்ட்ஷிப்: தமிழில் என்ன சொல்வது?

சிங்கப்பூரில் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், தலைவரின் செய்தி முடிவதற்குள் 'ஸ்டீவர்ட்ஷிப்' என்ற சொல் பெரும்பாலும் தட்டுப்பட்டுவிடும். அடுத்தவர் நம்பி ஒப்படைத்ததைப் பார்த்துக்கொண்டு கணக்குக் கொடுக்கும் கடமை என்பது அதன் தோராயமான பொருள். முதலீட்டு நிறுவனங்கள் அதைச் சொல்கின்றன. குடும்ப வணிகக் கருத்தரங்குகளில் அது அடிபடுகிறது. நாட்டின் நிதி இருப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும் காதில் விழுகிறது. அதைத் தமிழில் எழுத உட்காருகிறவருக்குத்தான் தலைவலி. 'மேற்பார்வை' என்கிறார் ஒருவர், 'நிர்வாகம்' என்கிறார் இன்னொருவர், அவசரத்தில் 'பராமரிப்பு' என்று போட்டுவிடுவாரும் உண்டு. ஏர்கானைக் கழுவிவிடுவதும் பராமரிப்புதான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத் தலைவரின் கடமையை எப்படிச் சொல்வது?

சொல்லின் பிறப்பு எளிமையானது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டிக்' என்றால் வீடு அல்லது கூடம். 'வேர்டு' என்றால் காவலர். இரண்டும் சேர்ந்து, பெரிய வீட்டின் சாப்பாடு, சரக்கு, வேலையாட்கள், வரவு செலவு எல்லாவற்றையும் எசமானனுக்காகக் கவனித்துக்கொண்டவரைக் குறித்தது. 'ஸ்டிக்' என்பது பன்றிப் பட்டி, ஆகவே ஸ்டீவர்ட் என்றால் பன்றி மேய்ப்பவன் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அகராதிக்காரர்கள் அதை ஏற்பதில்லை. ஸ்காட்லாந்தில் அரசருக்குத் தலைமை ஸ்டீவர்டாக இருந்த குடும்பம் அந்தப் பதவிப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டு, 1371ல் அரியணையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஸ்டூவர்ட் அரச வம்சம் அதுதான். பார்த்துக்கொள்ள வந்தவர் சொந்தக்காரர் ஆகிவிடுவது ஒன்றும் புதிதல்ல! பிற்பாடு அந்தச் சொல் கப்பல் ஏறியது, அப்புறம் விமானம் ஏறியது. அதனால்தான் நம்மில் பலருக்கு ஸ்டீவர்ட் என்றதும் சாப்பாட்டுத் தட்டு நீட்டும் விமானப் பணியாளர் நினைவுக்கு வருகிறார்.

கிரேக்கத்தில் இதற்கு இணையான சொல் 'ஒய்கோனமோஸ்'. 'ஒய்கோஸ்' என்றால் வீடு. அதை ஒழுங்காக நடத்துபவர் ஒய்கோனமோஸ். பொருளாதாரத்தைக் குறிக்கும் 'எகானமி' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். விவிலியத்தில் இந்தச் சொல் வரும் இடங்களைத் தமிழாக்கியவர்கள் அருமையான ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள்: உக்கிராணக்காரன். பணக்காரர் ஒருவர் தம் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டு, 'உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி' என்று கேட்கும் கதை லூக்கா 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஸ்டீவர்ட்ஷிப்பின் உயிர்நாடியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன தமிழ்த் தொடர் வேறில்லை. சரக்கு உன்னுடையதல்ல, ஆனால் கணக்கு உன்னுடையது.

உக்கிராணம் என்றால் சரக்கறை. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'உக்ராணம்' என்றே வழங்குகிறது. கல்யாண வீடுகளில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிய கல்யாணமென்றால் அரிசி, பருப்பு, நெய், முந்திரி எல்லாவற்றையும் ஓர் அறையில் பூட்டி, சாவியை ஒரு பெரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நெருங்கிய சொந்தமாக இருக்கவேண்டும் என்றில்லை. கை சுத்தமானவர், கோபம் வராதவர், அவ்வளவுதான் தகுதி. சமையல் ஆள் வந்து 'இன்னும் ரெண்டு கிலோ நெய்' என்பார். 'பாயசத்துக்கா, லட்டுக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் இவர் எழுந்திருப்பார். அளந்து கொடுத்ததும் நோட்டில் ஒரு வரி. முகூர்த்தம் முடிந்து எல்லாரும் புறப்பட்ட பிறகும் இவருக்கு வேலை உண்டு. பிரிக்காத மூட்டையைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், மிச்சத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுக்க வேண்டும். அதுவரை அவர் நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்திருக்கவும் மாட்டார். அதே சமயம், பந்தியில் நெய் போதவில்லை என்ற பேச்சு வந்தாலும் அவருக்குத்தான் அவமானம். பூட்டி வைப்பது மட்டும் அவர் வேலையல்ல. உரிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பதும் வேலைதான்.

இதையே வியாபாரமாகச் செய்தவர்கள் சிங்கப்பூரிலேயே இருந்தார்கள். மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த காலத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீளமான ஒரு கூடம். அதில் ஒவ்வொரு 'மார்க்கா'வுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், கொஞ்சம் தரை, ஒரு மரப்பெட்டி, சாய்வான மூடி வைத்த ஒரு சின்ன எழுத்து மேசை. பகலில் அங்கேயே உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள், இரவில் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். பணம் போட்ட முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் ஏஜென்ட், அதாவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, எந்த வட்டிக்கு என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தாக வேண்டும். கடல் தாண்டி முதலாளியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பதிலாக ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்ப வேண்டும். இன்றைய இருப்புநிலைக் குறிப்புக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. அடுத்த தவணைக்கு வருகிற மேலாளிடம் பேரேட்டையும் நிலுவைக் கடன்களையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும்.

அதே பேரேட்டில் மகமை என்றும் ஒரு பற்று இருக்கும். வியாபாரத்திலிருந்து கோயிலுக்கும் பொதுக்காரியத்துக்கும் ஒதுக்கும் பங்கு அது. 1859ல் எழுந்த தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பின்னால் அந்தப் பழக்கம் இருக்கிறது. சமூக நோக்கம் என்று இன்று தனித்துறை வைத்து நடத்துவதை, அன்று பேரேட்டில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் வட்டிக்கடை வட்டிக்கடைதான். மகமை எழுதியதால் வட்டி குறைந்துவிடவில்லை. கடன்பட்டவர் பக்கத்துக் கதை வேறாகத்தான் இருக்கும்.

பலரும் ஸ்டீவர்ட்ஷிப்பைத் தவறாகப் புரிந்துகொள்வதும் இந்த இடத்தில்தான். கொடையும் ஸ்டீவர்ட்ஷிப்பும் ஒன்றல்ல. கொடுப்பவருக்குப் புரவலர், வள்ளல் என்று தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சிராங்கூன் சாலையில் மளிகையும் துணியும் விற்று வளர்ந்த கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயரைப் பெருமாள் கோயில் கல்யாண மண்டபம் இன்றும் தாங்கி நிற்கிறது. அது புரவலரின் வரிசை, மதிக்கத்தக்க வரிசை. நிறுவனச் சமூகப் பொறுப்பு என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அந்த வரிசையைச் சேர்ந்ததே. இந்தியாவில் 2013 நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை அதற்குச் செலவிட வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. ஆசை காட்டுவதுதான் இங்கே வழி: தகுதிபெற்ற அறநிறுவனத்துக்கு 100 வெள்ளி கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டுமே லாபம் வந்த பிறகு அதை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில். ஸ்டீவர்ட்ஷிப் கேட்பது வேறு: லாபம் எப்படி வந்தது, கையில் ஒப்படைக்கப்பட்டதை எந்த நிலையில் வைத்திருக்கிறாய்? 2020ல் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது, எந்த முதலாளி எவ்வளவு நன்கொடை கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஓர் அறையில் எத்தனை பேர் என்றுதான் கேட்டார்கள். அடுத்த ஆண்டு புதிய விடுதிகளுக்கு வந்த விதி, ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் என்றது. அதைச் சட்டம் வருமுன்னே தானாகச் செய்திருக்கக்கூடிய முதலாளியைத்தான் ஸ்டீவர்ட்ஷிப் என்ற சொல் தேடுகிறது.

சிங்கப்பூரில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு செல்வாக்கு வந்ததில் தெமாசெக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1974ல் அரசாங்கத்திடமிருந்து 35 நிறுவனங்களைப் பெற்றுக்கொண்டு தொடங்கிய அந்த முதலீட்டு நிறுவனம், தன்னை ஒரு ஸ்டீவர்ட் என்றே அழைத்துக்கொள்கிறது. அதன் ஆதரவில் இதற்கென்றே ஒரு மையமும் தொடங்கப்பட்டது. பிரிட்டன் 2010ல் முதலீட்டாளர்களுக்கான ஸ்டீவர்ட்ஷிப் நெறிமுறையைக் கொண்டுவந்தது. உலக நிதி நெருக்கடியின்போது வங்கிகள் சரிந்தபோது பங்குதாரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற குற்றச்சாட்டுதான் அதற்குக் காரணம். சிங்கப்பூர் 2016ல் தன் நெறிகளை வெளியிட்டது, 2018ல் குடும்ப வணிகங்களுக்கும் தனியாக ஒன்று. எல்லாம் விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதே.

அந்தக் குடும்ப வணிக நெறிகள் லிட்டில் இந்தியாக் கடைக்காரர்களுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். தாத்தா தொடங்கிய கடை பேரன் கைக்கு வரும்போது, அது அவனுக்குச் சொத்தா, ஒப்படைக்கப்பட்ட சரக்கா?

நாட்டளவில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1991ல் அரசமைப்பைத் திருத்தி, மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபருக்கு 'இரண்டாவது சாவி'யைக் கொடுத்தார்கள். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த இருப்பை எடுக்க வேண்டுமானால் அரசாங்கத்தின் சாவி மட்டும் போதாது, அதிபரின் சாவியும் வேண்டும். அது முதன்முதலில் திரும்பியது 2009ல், உலகப் பொருளாதாரம் படுத்திருந்தபோது. அன்றைய அதிபர் எஸ். ஆர். நாதன் 4.9 பில்லியன் வெள்ளிவரை எடுக்க ஒப்புதல் தந்தார். எடுத்ததை 2011ல் அரசாங்கம் திருப்பி வைத்தது. இருப்பிலிருந்து எதிர்பார்க்கும் நீண்டகால வருமானத்திலும் ஆண்டுக்கு அதிகபட்சம் பாதியைத்தான் வரவுசெலவுத் திட்டத்துக்கு எடுக்கலாம். மீதி, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கு.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். உக்கிராணம் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் 'உக்கிராணத் தலைமைத்துவம்' என்று பலகை வைத்தால் சமையல் வகுப்பு என்று நினைத்து ஆள் வருவார்கள். கங்காணி என்ற சொல்லும் கண்காணிப்பதிலிருந்து வந்ததே. மலாயாத் தோட்டங்களில் அது பட்ட பாட்டுக்குப் பிறகு அதை நல்ல பொருளில் மீட்க முடியாது. அறங்காவலர், தருமகர்த்தா இரண்டும் நல்ல சொற்கள். கோயில் சொத்துக்கும் சட்டப்படியான அறக்கட்டளைக்கும் ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டவை, ஆகவே அவற்றைக் குழப்ப வேண்டாம். பேணாண்மை காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் கேட்டதும் மரமும் ஆறும் நினைவுக்கு வருகின்றன; கணக்குக் கொடுக்கும் கடமை அதில் ஒலிக்கவில்லை.

என் தேர்வு பொறுப்பாண்மை. ஆங்கிலத்தில் 'ரெஸ்பான்சிபிள்' என்ற சொல் பதில் சொல்வது என்ற லத்தீன் வேரிலிருந்து வருகிறது. தமிழில் பொறுப்பு, 'பொறு' என்ற வினையிலிருந்து வருகிறது: தாங்குதல், சுமத்தல். பொறை என்றாலும் சுமைதான். அடுத்தவர் மூட்டையைச் சுமந்துபோய்ச் சேர்க்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. 'ஆண்மை' என்று முடிவதைப் பார்த்துவிட்டு, பெண் தலைவர்களை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே ஆண் என்ற பால் இல்லை. ஆள்தல் என்ற வினைதான் இருக்கிறது. ஆள் என்பதோடு மை சேரும்போது ளகரம் ணகரமாகிறது. மேலாண்மையை எல்லாரும் ஏற்றுக்கொண்டாயிற்று, இதற்கு மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

ஆளைக் குறிக்க 'பொறுப்பாளர்' போதும். சமூக மன்றத்திலிருந்து கோயில் வரை புழங்குகிற சொல். முதலீட்டாளர்களுக்கானவை 'பொறுப்பாண்மை நெறிகள்'. விமானத்தில் தண்ணீர் கொண்டுவருபவர் வழக்கம்போல் விமானப் பணியாளராகவே இருக்கட்டும். நிறுவனம் நன்கொடை கொடுத்த செய்தியில் ஸ்டீவர்ட்ஷிப் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும், தமிழில் 'கொடை' என்று போடுங்கள். பொறுப்பாண்மை என்று எழுதுமுன், அந்த அறிக்கையில் யாராவது யாருக்காவது கணக்கு ஒப்புவித்திருக்கிறார்களா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.