காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் கார்

மூணாறை அடுத்த செண்டுவாரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டிசம்பர் பிறந்துவிட்டால் அவருடைய பெட்ரோல் கார் காலையில் எளிதில் கிளம்புவதில்லை. நான்கைந்து முறை செல்ஃப் அடித்த பிறகுதான் எஞ்சின் உயிர் பெறுகிறது. அதன் பிறகு நாள் முழுவதும் ஒரு குறையும் இல்லை. பேட்டரியை மாற்றிவிட்டார், பிளக்குகளையும் மாற்றிவிட்டார். "இந்தக் குளிருக்கு எல்லா வண்டியும் இப்படித்தான் அண்ணே" என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: போடிநாயக்கனூரில் தங்கை வீட்டில் இரவு தங்கினாலும் மறுநாள் காலை இதே தொல்லைதான்.

அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் சில எஸ்டேட்டுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டு, புல்லின் மேல் உறைபனி படியும். பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கிப் போடியை அடைந்தால் அதே இரவில் போர்வை தேவைப்படாது. இரண்டு ஊரிலும் வண்டி ஒரே மாதிரி அடம்பிடிக்கிறது என்றால் குற்றவாளி குளிர் மட்டுமாக இருக்க முடியாது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருப்பது, வண்டி இரவெல்லாம் அசையாமல் நின்றது.

குளிரின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவிதான் எரியும். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. சில பகுதிகள் 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், சிலவற்றுக்கு 200 டிகிரி வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் இலேசான பகுதிகள் மட்டும் ஆவியாகும், மிச்சம் உலோகச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையைப் பார்த்து, வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லும். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆவியாக அதிக வெப்பத்தையும் கேட்கும். மலைக் காலையில் அதுவும் கொஞ்சம் பாரம் கூட்டும்.

ஆனால் கணினி பெட்ரோலை அளந்து ஊற்றுவதில்லை. இன்ஜெக்டர் என்ற நுண்ணிய குழாயை எத்தனை மில்லி விநாடி திறந்து வைக்க வேண்டும் என்று மட்டுமே கணக்குப் போடுகிறது. குழாய்க்குப் பின்னால் சரியான அழுத்தம் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. பல கார்களில் இந்த அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ காற்றுமண்டலத்தின் அழுத்தம்). அது பாதியாகக் குறைந்தால் தெளிக்கப்படும் அளவு 71 சதவீதமாகும், கால் பங்கானால் பாதியாகும். ஏனென்றால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. இன்னும் இறங்கினால் தூறலாகச் சிதற வேண்டிய பெட்ரோல் சொட்டாக விழும். சொட்டு ஆவியாகாது.

பகலில் இந்தக் குறை ஏன் தெரிவதில்லை? புகைப்போக்கியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சூடாக இருக்கும்போது, கலவை மெலிந்துவிட்டது என்று கணினிக்கு உடனுக்குடன் சொல்லும். கணினியும் ஓரளவு ஈடுகட்டிவிடும். அந்த சென்சார் வேலை செய்ய ஏறத்தாழ 300 டிகிரி வெப்பம் வேண்டும். காலையில் முதல் சுற்றில் கணினிக்குக் கண் இல்லை.

என்னை மிகவும் கவர்ந்த பாகம் பெட்ரோல் டேங்குக்குள் இருக்கிறது. பம்ப்பின் வாயில் சிறு ஸ்பிரிங்கும் மூடியும் கொண்ட ஒருவழி வால்வு. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தெரியும் அல்லவா? அது கசிந்தால் இரவில் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும், காலையில் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் மோட்டார் இழுக்கும். பெட்ரோல் பம்ப்பின் வால்வும் அதே காவலைத்தான் செய்கிறது. ஆனால் அது காப்பது இன்னும் நுட்பமானது. காற்றை அடைத்து வைத்தால் கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் கொஞ்சம்தான் குறையும். திரவம் அப்படியில்லை, அது ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. குழாய் முழுவதும் நிரம்பிய பெட்ரோலில் சில சொட்டுகள் வெளியேறினாலே மொத்த அழுத்தமும் போய்விடும். நல்ல வண்டியிலும் எஞ்சின் ஆறும்போது பெட்ரோல் சுருங்கும், விடிவதற்குள் அழுத்தம் தணியும். அதனால் கெடுதல் இல்லை. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் 'ஞொய்ங்' என்று இரண்டு விநாடி கேட்கும் ஒலி, பம்ப் அந்த அழுத்தத்தை மீட்டுக்கொடுக்கும் ஒலிதான். குழாய் நிரம்பியிருந்தால் இரண்டு விநாடி தாராளம். வால்வு கசிந்து குழாயில் ஆவி புகுந்திருந்தால் போதாது.

இதைக் காசில்லாமல் சோதிக்கலாம். காலையில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து, ஒலி நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்துவிட்டுக் கிளப்புங்கள். உடனே கிளம்பினால் இரவில் குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்து இறங்கிவிடுகிறது என்று ஏறக்குறைய உறுதி. கிளம்பவில்லை என்றால் பம்ப்பின் பலவீனம், ஃபில்டர் அடைப்பு, பம்ப்புக்குப் போகும் மின்னழுத்தம் என்று பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டார் குளிரில் பேட்டரியை உறிஞ்சும்போது பம்ப்புக்கும் மின்சாரம் குறையும்.

கிளப்புவதற்கு முன் ஆக்சிலரேட்டரை நாலு மிதி மிதிக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது, ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்டர் வண்டியில் காற்றுக் கதவு அசைவதைத் தவிர ஒன்றும் நடக்காது. வாசகரின் உறவினர் ஒருவர் திருஷ்டிப் பூசணி உடைக்கச் சொன்னாராம். மனநிறைவுக்கு உடைப்பவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அழுத்தத்தை அளக்காமல் பேட்டரி, பிளக், பம்ப் என்று வரிசையாக மாற்றுவதும் அதே நம்பிக்கையின் இன்னொரு வடிவம், அதற்குச் செலவும் கூடுதல். ஒவ்வொரு ஐ.டி.ஐ. மாணவரும் பிரஷர் கேஜைப் பிடித்துப் பழகியிருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். மூணாறில் பொறியியல் கல்லூரியே இருக்கிறது. குளிர்கால அதிகாலைகளில் சில வண்டிகளின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் பதிவு செய்யும் சிறிய ஆய்வுக்கு நிதி கொடுத்தால் வீணாகாது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி சூடேறாத அந்த முதல் நிமிடத்தில்தான் எரியாத பெட்ரோல் மிகுதியாக வெளியேறுகிறது. அதைச் சுவாசிப்பவர்கள் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள்.

இனி வாசகருக்கு. கேஜைப் பொருத்தி, எஞ்சினை நிறுத்திய பிறகு முள்ளைக் கவனிக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் அது சரிந்தால் கசிவு மூன்று இடங்களில் ஒன்றில்: பம்ப் வால்வு, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், இன்ஜெக்டர். டேங்கிலிருந்து வரும் வழியை அடைத்ததும் முள் நின்றுவிட்டால் தவறு டேங்கின் பக்கம். அப்போதும் சரிந்தால் இன்ஜெக்டர்மீதும், ரெகுலேட்டர் எஞ்சின் பக்கம் இருந்தால் அதன்மீதும் சந்தேகப்படலாம். காலையில் பிளக் பெட்ரோலில் நனைந்திருப்பதும், கிளம்பியதும் கரும்புகை வருவதும் இன்ஜெக்டர் கசிவுக்குச் சாட்சி. பழைய ரப்பர் குழாயை இடுக்கியால் மெல்ல நெரிக்கலாம். நைலான் குழாயை நெரித்தால் உடையும், அதற்கு வால்வு வைத்த இணைப்புதான் சரி. பல கார்களில் ஒருவழி வால்வு தனியாகக் கிடைக்காது, பம்ப்போடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனை. குழாயைக் கழற்றும் முன் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி அழுத்தத்தைத் தணிக்கச் சொல்ல மறக்காதீர்கள். பக்கத்தில் பீடி பற்றவைக்க யாரையும் விடாதீர்கள்.